வாசகர் கேள்வி – பதில்: குறைந்த விலையில் ஒரு சென்டர்பின் ரீல்

கேள்வி: டிரெண்ட் ஆற்றில் தக்கை விட்டு ரோச், சப் மீன்களைப் பிடித்து வருகிறேன். இதுவரை பயன்படுத்தியது, உருளை சுழலாமல் நிற்கும் சாதாரண ஃபிக்ஸ்ட் ஸ்பூல் ரீல்தான். அண்மையில் ஆற்றங்கரையில் ஒரு பெரியவர் சென்டர்பின் ரீலைக் கொண்டு தக்கையை நீரோட்டத்தோடு ஓடவிடுவதைப் பார்த்த பிறகு எனக்கும் ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. 100 பவுணுக்கு மேல் செலவிட இயலாது. புதிதாக வாங்குவதா, பழையதைத் தேடுவதா?
– ஒரு வாசகர், நாட்டிங்ஹாம்

பதில்: இந்த ரீலைப் பற்றிக் கேட்பதற்கு உங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. 19ஆம் நூற்றாண்டில் இதே டிரெண்ட் ஆற்றின் ஓட்டத்துக்காக நாட்டிங்ஹாமில் கடைந்தெடுக்கப்பட்ட மர ரீல்களே இன்றைய சென்டர்பின்னுக்கு முன்னோடிகள். அவற்றை இன்றும் ‘நாட்டிங்ஹாம் ரீல்’ என்றே அழைக்கிறார்கள். பிராட்போர்டைச் சேர்ந்த இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்ற ஃபிக்ஸ்ட் ஸ்பூல் ரீல் காலப்போக்கில் எங்கும் பரவிவிட்ட போதிலும், ஓடும் நீரில் தக்கை விடுபவர்கள் பழைய வகையைக் கைவிடவில்லை.

அதற்குக் காரணம் அதன் அமைப்பு. நடுவில் ஓர் எஃகு ஊசி, அதன் மேல் தடையின்றிச் சுழலும் ஓர் உருளை, அவ்வளவுதான். கைப்பிடிக்கும் உருளைக்கும் இடையில் பற்சக்கரம் எதுவும் கிடையாது. நீரோட்டம் தக்கையை இழுக்கிறது, தக்கை தங்கூசியை (தூண்டில் நூலை) இழுக்கிறது, தங்கூசி உருளையைச் சுழற்றுகிறது. உருளையின் விளிம்பில் நீங்கள் வைத்திருக்கும் கட்டைவிரல்தான் பிரேக். ஃபிக்ஸ்ட் ஸ்பூல் ரீலிலிருந்து தங்கூசி சுருள்சுருளாகத் தளர்ந்து வெளியேறும். இதிலோ ஆற்றின் வேகத்துக்கு மிகாமல், தளராமல் நேராகச் செல்லும். விரலைச் சற்று அழுத்தித் தக்கையைப் பிடித்து நிறுத்தினால், இரை தக்கைக்கு முன்னால் மெல்ல மேலெழுந்து மீனின் கண்ணில் படும். மீன் கடித்ததும் சுண்டி இழுப்பதற்கும் தங்கூசி ஏற்கெனவே விறைப்பாகவே இருக்கும்.

வாங்கப் போகும்போது விற்பவர் உருளையை ஓங்கித் தட்டிச் சுழலவிட்டு, அது எவ்வளவு நேரம் நிற்காமல் சுற்றுகிறது என்று காட்டுவார். அதைக் கண்டு மயங்க வேண்டாம். கனமான உருளை, ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால், உராய்வு ஓரளவு இருந்தாலும் நெடுநேரம் சுற்றத்தான் செய்யும். ஆறு உருளையை ஓங்கித் தட்டுவதில்லை. மெதுவான மடுவில் சிறிய தக்கை ஒன்று அதை மிக மென்மையாகவே இழுக்கிறது. ஆகவே, நின்றுகொண்டிருக்கும் உருளை எவ்வளவு மெல்லிய இழுப்புக்கு அசையத் தொடங்குகிறது என்பதையே நாம் பார்க்க வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ரீலை மீன்பிடிக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு, ராட்செட்டை (உருளை தானாகச் சுழலாமல் தடுக்கும் நாக்கை) விடுவித்துவிட்டு, உருளையிலிருந்து ஒரு முழ நீளத் தங்கூசியைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் தூண்டிலுக்கான ‘பிபி’ அளவுச் சிறு எடைக்குண்டு ஒன்றை அழுத்திப் பொருத்துங்கள். அதன் எடை 0.4 கிராம். உருளை அசையவில்லையென்றால் இன்னொன்றைச் சேருங்கள். ஒன்றிரண்டு குண்டுகளுக்கே உருளை மெல்ல இறங்கத் தொடங்கினால், விலை எதுவாயினும் அது நல்ல ரீல். ஐந்தாறு குண்டுகள் தேவைப்பட்டால் உள்ளே அழுக்கு, கெட்டியான கிரீஸ், தேய்மானம் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று இருக்கிறது. உருளையைக் கால் சுற்று, அரைச் சுற்று எனத் திருப்பி வைத்து அதே சோதனையைச் செய்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் தயங்கினால் கைப்பிடிகளின் எடை சமமாக இல்லை, அல்லது ஊசி பழுதாகியிருக்கிறது.

அடுத்து, ரீலைப் பக்கவாட்டில் பிடித்து, உருளையின் விளிம்புக்கும் பின்தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, உருளையை மிக மெதுவாகச் சுற்றுங்கள். அந்த இடைவெளி சுற்று முழுவதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். விரிந்தும் சுருங்கியும் தெரிந்தால், அந்த ரீல் எப்போதோ கல்லின் மேல் விழுந்து ஊசியோ உருளையோ வளைந்துவிட்டது என்று பொருள். அதை எண்ணெய் விட்டுச் சரிசெய்ய முடியாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். இடைவெளி மெல்லிய தங்கூசி நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமாக இருப்பதும் அவசியம்.

இனி, புதிதா பழையதா என்ற கேள்வி. புதியவற்றில், தாய்வான் நிறுவனமான ஒகுமாவின் ‘ஷெஃபீல்ட்’, அலுமினிய உருளையும் பால் பேரிங்கும் கொண்டது. இவ்வகை மீன்பிடிப்பில் புதிதாக இறங்குபவர்களுக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்பட்டு வருவது. பழையவற்றில், ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ரெடிச் நகரின் ஜே. டபிள்யூ. யங் நிறுவனம் செய்த ‘ரேப்பிடெக்ஸ்’, ‘ட்ரூடெக்ஸ்’ ஆகிய இரண்டையும் தேடலாம். அதே ஊரின் ஆல்காக் நிறுவனத்து ‘ஏரியல்’ அழகானது என்றாலும், சேகரிப்பாளர்கள் அதன் விலையை உயர்த்திவிட்டார்கள். உங்கள் தொகைக்கு அதை நாட வேண்டாம். என் கருத்து இதுதான்: நேரில் கையில் எடுத்து மேற்சொன்ன சோதனைகளைச் செய்து பார்க்க முடியுமானால் பழையதையே வாங்குங்கள், படத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டிய நிலை என்றால் புதியது பாதுகாப்பு. பழையவை சிலவற்றில் ரீலின் அடிப்பாதத்தை அரத்தால் ராவிக் குறைத்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள். எதை வாங்கினாலும் உங்கள் தூண்டிற்கோலைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். ரீலின் பாதம் எல்லாக் கோல்களிலும் சரியாகப் பொருந்துவதில்லை.

கேள்வி: இணையத்தில் மலிவாகக் கிடைத்த புதிய சென்டர்பின் ஒன்றை வாங்கினேன். தட்டிவிட்டால் நான்கைந்து சுற்றிலேயே நின்றுவிடுகிறது. திருப்பி அனுப்புவதா? என்ன எண்ணெய் விடுவது?
– ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: திருப்பி அனுப்ப அவசரப்படாதீர்கள். முதலில் மேலே சொன்ன பக்கவாட்டுச் சோதனையைச் செய்யுங்கள். உருளை கோணாமல் சுற்றுகிறது என்றால், உங்கள் ரீலில் இருப்பது பெரும்பாலும் பழுதன்று, கிரீஸ். தொழிற்சாலையில் பால் பேரிங்குகளைத் துருவிலிருந்து காப்பதற்காகக் கெட்டியான கிரீஸை நிரப்புகிறார்கள். அந்த கிரீஸ் வேறு வேலைகளுக்கு ஏற்றது. தக்கையின் மெல்லிய இழுப்புக்குச் சுழல வேண்டிய உருளைக்கு அது பெருந்தடை.

விற்றவரின் உத்தரவாத நிபந்தனையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வைத்து உருளையைக் கழற்றுங்கள். சில ரீல்களில் ஒரு சிறு தாழையும், சிலவற்றில் நடுத் திருகையும் நீக்க வேண்டியிருக்கும். சன்னமான வளையங்களும் குண்டுகளும் உருண்டோடக்கூடியவை. கழற்றிய வரிசையிலேயே அவற்றைத் துணியில் அடுக்கி வையுங்கள். பேரிங்குகளை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, லைட்டர் திரவமோ ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலோ மூழ்கும் அளவுக்கு ஊற்றிக் குலுக்கினால், திரவம் கலங்கிப் பழுப்பாக மாறும். புதிய திரவம் ஊற்றி, அது தெளிவாகவே இருக்கும்வரை கழுவுங்கள். இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பும் சிகரெட்டும் அருகில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். நன்றாக உலர்ந்த பின், தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் அல்லது ரீலுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெயில் ஒவ்வொரு பேரிங்குக்கும் ஒரு துளி விடுங்கள். குண்டூசியின் நுனியில் எடுத்து விட்டால் அளவு மிகாது. இரண்டாவது துளி நன்மை செய்வதில்லை; அது வழிந்து தூசியைத்தான் சேர்க்கும்.

எண்ணெயே விடாமல் உலர்ந்த பேரிங்கோடு ஓடவிட்டால் இன்னும் வேகமாகச் சுற்றும் என்று சிலர் சொல்லுவார்கள். சுற்றும்தான், ஆனால் ஈரம் பட்டதும் துருப் பிடிக்கும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்கு நல்லது. பேரிங்கில் தங்கியிருந்து காக்கும் எண்ணெய்க்கு அது மாற்றாகாது. கழுவிய பிறகும் பேரிங் கரகரத்தால் புதிது போட்டுவிடுங்கள். பெரும்பாலான பேரிங்குகள் பொது அளவுகளில் வருபவை. விளிம்பில் பொறித்த எண்ணைச் சொன்னால் பேரிங் விற்கும் கடையில் சில பவுண்களுக்கு அதே அளவு கிடைக்கும்.

பேரிங் இல்லாமல் ஊசியின் மேல் நேரடியாக அமரும் உருளையென்றால் வேலை இன்னும் எளிது. ஊசியையும் துளையையும் பஞ்சு நூல் துணியால் துடைத்து ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். பளபளப்பாக்குவதற்காக உப்புத்தாளைத் தொடவே கூடாது. அந்த ஊசியின் வழவழப்புக்குத்தான் நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

கேள்வி: தக்கை சிறிது தூரம் ஒழுங்காக ஓடி, பிறகு திடீரென்று தடைபட்டு நிற்கிறது. சில நேரம் தங்கூசி உருளைக்குப் பின்னால் விழுந்து சிக்கிக்கொள்கிறது.
– ஒரு வாசகர், ரெடிங்

பதில்: இரண்டுக்குமே ரீல் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் உருளையை விளிம்புவரை நிரப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஃபிக்ஸ்ட் ஸ்பூலில் அது முறை. சென்டர்பின்னில் அதுவே கேடு. 4 முதல் 6 இறாத்தல் தாங்கும் ஒற்றையிழை நைலான் தங்கூசியில் 100 யார் போதுமானது. உருளை ஆழமாக இருந்தால் அடியில் மலிவான பழைய தங்கூசியைச் சுற்றி உயர்த்திக்கொள்ளலாம். மேலே விளிம்புக்கு நல்ல இடைவெளி விட வேண்டும். பின்னல் நூல் வேண்டாம். அது தன் மேலேயே அறுத்துக்கொண்டு இறங்கிவிடும்.

தடைபடுவதற்குக் காரணம், ஒரு சுற்று மற்றச் சுற்றுகளுக்கு அடியில் புதைந்துகிடப்பது. பெரிய பார்பெல் ஒன்று மாட்டிக்கொண்டால் தங்கூசி முழு விறைப்போடு ஏறும். அந்தச் சுற்றுகள் அடியிலிருக்கும் தளர்ந்த சுற்றுகளுக்குள் இறங்கிவிடும். (பார்பெல்லும் கெண்டைக் குடும்பத்து மீன்தான், மீசையையும் ஆற்றின் அடியில் மேயும் குணத்தையும் பார்த்தால் நம்மவர்களுக்கு உறவு உடனே விளங்கும்.) அப்படி ஒரு மீனைக் கரைசேர்த்த பிறகு, வெறும் தக்கையை நீண்ட தூரம் ஓடவிட்டு, தங்கூசியை இரு விரல்களுக்கிடையே ஒரே சீரான இறுக்கத்தோடு செலுத்திச் சுற்றி எடுங்கள். இந்தச் சில நிமிட வேலை செய்பவர்களுக்கு அன்று முழுவதும் தக்கை ஒழுங்காக ஓடும்.

பின்னால் விழுவது, உருளை வேகமாகச் சுற்றும்போது தங்கூசி தளர்ந்துவிடுவதால் நேர்வது. விரல் விளிம்பை விட்டு விலகவே கூடாது. இரை ஆற்றில் விழும் கணத்தில் உருளையை நிறுத்திவிட வேண்டும். உருளையைச் சுழற்றி வீசும் ‘வாலிஸ்’ வீச்சுக்கு இப்போதே முயல வேண்டாம். கோலின் வளையங்களுக்கிடையே தங்கூசியை விரலால் இழுத்து இரண்டு மூன்று கண்ணிகளாக எடுத்துக்கொண்டு வீசினால், சிறிய ஆறுகளில் தேவையான தூரம் கிடைத்துவிடும்.

கேள்வி: ஸ்டீல்ஹெட் மீன் ஓடும்போது ராட்செட்டைப் போட்டுக்கொண்டால் அது பிரேக்காகப் பயன்படாதா?
– ஒரு வாசகர், ஒன்டாரியோ

பதில்: பயன்படாது. ராட்செட் என்பது ஒரு சிறு நாக்கும் மெல்லிய வில்லும் மட்டுமே. கோலைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதும், கரையில் சாய்த்து வைக்கும்போதும் உருளை தானாகச் சுழலாமல் தடுப்பதே அதன் வேலை. பெரும் ஏரிகளிலிருந்து ஆறேறும் ஸ்டீல்ஹெட்டின் ஓட்டத்தை அதன் மேல் சுமத்தினால் நாக்கு தேய்ந்து, பற்கள் வட்டமாகிவிடும். உள்ளங்கையால் விளிம்பைத் தொட்டுத் தொட்டே மீனை அடக்க வேண்டும். சுழலும் கைப்பிடிகளின் பாதையில் விரல் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உறைகுளிரில் எண்ணெய் தடிப்பதால், குளிர்காலத்துக்கு உங்களிடம் உள்ளவற்றில் மிக மெல்லிய எண்ணெயையே விடுங்கள்.

கேள்வி: ஆற்றில் மீன்பிடிக்கக் கூடாத மாதங்களில் ரீலை எப்படி வைத்திருப்பது?
– ஒரு வாசகர், உஸ்டர்

பதில்: இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ரோச், சப், பார்பெல் ஆகியவற்றைப் பிடிக்கத் தடை இருப்பதால், முழுமையாகப் பிரித்துத் துடைப்பதற்கு ஏற்ற காலம் அதுவே. தங்கூசியைக் கழற்றி எறிந்துவிடுங்கள். அடிச்சுற்றுகளில் தேங்கிய ஈரம் உலோகத்தை அரிக்கும். பின்தகட்டின் உட்புறத்தில் படிந்த வண்டலைப் பழைய பல்துலக்கியால் நீக்கி, ஊசிக்கும் பேரிங்குக்கும் புதிய எண்ணெய் விட்டு, ராட்செட்டை விடுவித்த நிலையில் காற்றோட்டமான துணிப்பையில் வையுங்கள். ஈரம் உலராத ரீலைப் பஞ்சு வைத்த உறையில் போட்டு மூடுவதுதான் நல்ல ரீல்கள் கெட்டுப்போவதற்கு நான் அதிகம் காணும் காரணம். மழையில் நனைந்து வந்த அன்று, உறையைத் திறந்து ரீலை வெளியே எடுத்து, உருளையைக் கழற்றி ஓர் இரவு முழுவதும் அறையில் வைத்துவிடுங்கள்.