நெபுலைசரில் தைலம் விடலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது, ஆஸ்துமா. பனி இறங்கினால் இழுப்பு வந்துவிடும். டாக்டர் சொல்லி நெபுலைசர் வாங்கினோம். மருந்தோடு இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டால் சளி இளகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. விடலாமா? சலைன் தீர்ந்துவிட்டால் காய்ச்சி ஆறிய தண்ணீர் போதுமா?"

இரண்டும் வேண்டாம்.

தைலம் காய்ச்சுகிற மலையில் இருந்துகொண்டு தைலத்தைக் குறை சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும். மூட்டில் தேய்ப்பதைப் பற்றி நான் பேசவில்லை. நெபுலைசர் என்பது ஆவி பிடிக்கிற சட்டி அல்ல. மருந்தைச் சூடாக்காமல், காற்றை வேகமாக அடித்துப் பொடித்துளிகளாக்கி நுரையீரலின் ஆழம்வரை அனுப்புகிறது. அங்கே எண்ணெய் போனால் மூச்சுக்குழாய் எரிச்சலில் இன்னும் சுருங்கும். எண்ணெய் தங்கி நிமோனியாகூட வரலாம். கற்பூரம், துளசிச் சாறு எதற்கும் இதே பதில்தான். வெறும் தண்ணீரில் உப்பு இல்லாததால் அதன் துளியே இழுப்பைக் கிளப்பிவிடும். 0.9 சதவீத சலைன் மட்டும், டாக்டர் சொன்ன அளவில்.

அம்மா நிமிர்ந்து உட்காரட்டும். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருக்கட்டும். பத்து நிமிடத்துக்குள் மருந்து ஊற்றிய கிண்ணம் கரகரவென்று சத்தம் போடும். மருந்து தீர்ந்தது என்று அர்த்தம். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பியூட்டமால் என்றால் கொஞ்சம் கை நடுங்கும், படபடக்கும். ஸ்டீராய்டு மருந்து என்றால் வாய் கொப்பளித்து முகமும் கழுவ வேண்டும்.

அப்புறம், கணப்பு. குளிருக்குக் கரி மூட்டிய அறையிலேயே மெஷினைப் போடுகிறார்கள். அது இழுப்பது அந்த அறைக் காற்றைத்தான். மருந்தோடு புகையும் உள்ளே போகும். இந்தத் தவறைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

துணியே மூன்று நாள் காயாத ஊரில் கிண்ணம் எப்படிக் காயும்? சோப்புத் தண்ணீரில் கழுவி, அலசி, உதறுங்கள். ட்யூபைக் கழுவாமல் அப்படியே கிண்ணத்தில் மாட்டி, மருந்தில்லாமல் மெஷினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். ஈரம் போய்விடும். ஈரம் நின்றால் கிருமி குடியேறும்.

மழையில் மரம் விழுந்து கரண்ட் போகுமே, அதற்காக இன்ஹேலரும், அதில் மாட்டி இழுக்கிற குழாயான ஸ்பேசரும் வீட்டில் இருக்கட்டும். சரியாக இழுத்தால் பெரும்பாலும் நெபுலைசருக்குச் சமம்.

மருந்து வைத்தும் அடங்கவில்லை, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பனி விலகட்டும், விடிந்ததும் மேட்டுப்பாளையம் இறங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆக்சிஜன் இருக்கிற பக்கத்து மருத்துவமனைக்கு முதலில் போய்விடுங்கள்.