230 மீட்டர் உயரமே உள்ள ஒரு துருவத் தீவுச் சிகரத்தில் அறிந்துகொள்ள என்ன இருக்கிறது?

துருவத் தீவுகளில் பெரிய மலைகள் இருக்கும்போது, சிறிய சிகரம் ஒன்றின் புவியியலை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் புவியியல் கற்பிக்கும் நான், அண்டார்க்டிகா பாடத்தை ராஸ் தீவின் தென்கோடியில் உள்ள அப்சர்வேஷன் ஹில் என்ற குன்றிலிருந்தே தொடங்குகிறேன். அதன் உயரம் ஏறத்தாழ 230 மீட்டர்தான்.

ராஸ் தீவு எரிமலைகளால் ஆனது. அவற்றுள் 3,794 மீட்டர் உயரமுள்ள எரெபஸ் இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. அதன் அடிவாரத்திலிருந்து தென்மேற்காக நீளும் ஒடுங்கிய தீபகற்பத்தின் முனையில்தான் இக்குன்று நிற்கிறது. இக்குன்றை உருவாக்கிய எரிமலைக் குழம்பு மிகவும் கெட்டியாக இருந்ததால் தொலைவுக்கு ஓடாமல், வெளிப்பட்ட இடத்திலேயே குவிந்து இறுகியது. சரிவுகள் இவ்வளவு செங்குத்தாக இருப்பதற்கு அதுவே காரணம். கருமையான பாறை வெயிலை உள்வாங்கிக்கொள்வதால், கோடையில் பனி உருகிக் குன்று பெரும்பாலும் வெறும் கல்லும் மண்ணுமாகவே தெரியும்.

ஆனால், இக்குன்றின் சிறப்பு அமைவிடத்தில்தான் இருக்கிறது என்பேன். கிழக்கிலும் தெற்கிலும் மிதக்கும் பனித்தட்டு பரந்து கிடக்கிறது. மேற்கில், கோடையின் முடிவில் கப்பல்கள் வந்து சேரும் மெக்மர்டோ நீரிணை இருக்கிறது. கடல்வழி முடிந்து பனிவழி தொடங்கும் இடத்தை, உச்சியில் நிற்பவர் ஒரே பார்வையில் காணலாம். 1902இல் இங்கே தங்கிய, பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் முதல் பயணக்குழுவினர், தெற்கே சென்றவர்கள் திரும்புகிறார்களா என்று பார்க்க இதன் மேல் ஏறினார்கள். ‘நோட்டமிடும் குன்று’ என்று பொருள்படும் அதன் பெயரும் அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் மெக்மர்டோ ஆய்வு நிலையம் இதன் அடிவாரத்திலேயே அமைந்திருக்கிறது. அந்த நிலையத்துக்கு மின்சாரம் தருவதற்காகச் சரிவிலேயே தளம் வெட்டி நிறுவப்பட்ட சிறிய அணு உலை 1962 முதல் 1972 வரை இயங்கியது. பின்னர் உலையோடு மாசடைந்த மண்ணையும் அள்ளிக் கப்பலில் கொண்டுபோனார்கள்.

உச்சியில் ஒரு மரச்சிலுவை நிற்கிறது. தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில் 1912இல் உயிரிழந்த ஸ்காட், வில்சன், பவர்ஸ், ஓட்ஸ், எவன்ஸ் ஆகிய ஐவரின் பெயர்களையும் அதில் செதுக்கி, எஞ்சிய தோழர்கள் 1913 ஜனவரியில் அதை நட்டார்கள். ஆஸ்திரேலியாவில் விளையும் ஜாரா என்ற உறுதியான மரத்தாலானது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். அவ்வளவு கனமான மரத்தை அந்தச் செங்குத்தான சரிவில் மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. அந்த ஐவரும் எந்தப் பனிவெளியைக் கடந்து திரும்பி வந்திருக்க வேண்டுமோ, அதைப் பார்த்தபடியே அது நிற்கிறது.