எழுத வந்தவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: வயது 54. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சந்திப்பிழை இல்லாமல் ஒரு பக்கம் எழுத வராது. ஆனாலும் ஆசை விடவில்லை. இனிமேல் முடியுமா?
- அரசுப் பேருந்து நடத்துநர், விருதுநகர்

ப: உங்கள் ஊருக்குத் தெற்கே, கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, இருந்தார். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொல்வார். கதை எழுத வந்ததே முப்பதைத் தாண்டிய பிறகு. கி. ராஜநாராயணனைத்தான் சொல்கிறேன். 1991-இல் சாகித்ய அகாதமி விருது அவருக்கு வந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராகவே கூப்பிட்டு உட்கார வைத்தது. சந்திப்பிழையைத் திருத்தத்தான் பத்திரிகையில் என்னைப் போன்ற உதவி ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதற்குப் பயப்படாதீர்கள்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. நீங்கள் அனுப்பிய கவிதையில் நிலா இருக்கிறது, தென்றல் இருக்கிறது, பஸ் இல்லை. 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆனதே, அந்த முதல் வாரம் எப்படி இருந்தது? பழக்கதோஷத்தில் முந்தானை முடிச்சை அவிழ்த்த கிழவி உண்டா? ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்கிற அவசரத்தில், ஒரு ரூபாய் பாக்கிக்காகக் கடைசி நிறுத்தம் வரை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர் யார்? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை எழுதி அனுப்புங்கள், பிழையோடு.

கே: மூன்று கதை அனுப்பினேன். ஒரு பத்திரிகையும் பதில் போடவில்லை. ஒரு கதையை இணைத்திருக்கிறேன். என்ன குறை?
- மளிகைக் கடைக்காரர் மகன், கும்பகோணம்

ப: தபால் காலத்தில் தபால்தலை ஒட்டிய உறை வைத்தால் கதையாவது வீடு திரும்பும். இப்போது அதுவும் இல்லை. மூன்று மாதம் பாருங்கள். அப்புறம் 'வேறு இதழுக்கு அனுப்புகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு மட்டும் வேண்டாம்.

சரி, கதைக்கு வருகிறேன் தம்பி. 'கிழக்கு வெளுத்தது. காகங்கள் கரைந்தன. காவிரி சோம்பல் முறித்தது' என்று ஆரம்பித்து, அப்பா பல் தேய்த்து, காபி குடித்து, கடைக்குக் கிளம்புவதற்குள் ஒன்றரைப் பக்கம் போய்விடுகிறது. இரண்டாம் பக்க நடுவில் இப்படி ஒரு இடம்: 'அப்பா கடன் நோட்டை எடுத்தார். வாத்தியார் பேர் போட்ட பக்கத்தை மட்டும் உள்பக்கமாக மடித்து வைத்திருந்தார்.' கதை இங்கேதான் தொடங்குகிறது. ஏன் மடித்தார்? கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் வாத்தியார் பேர் படக் கூடாது என்றா, அந்தப் பேரைப் பார்த்தாலே இவருக்குக் கோபம் வருகிறது என்றா? இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். முன்னால் இருக்கிற ஒன்றரைப் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். காகம் எல்லார் வீட்டிலும் கரைகிறது, அந்த நோட்டு உங்கள் கடையில் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த வரியிலேயே 'அப்பாவின் மனதில் இனம் புரியாத சோகம் குடிகொண்டிருந்தது' என்கிறீர்கள். வேண்டாம். நோட்டை மடித்ததிலேயே அது வந்துவிட்டது. 'இனம் புரியாத' என்று பார்த்தாலே என் சிவப்பு மை தானாக இறங்கும், இன்றைக்கும் அப்படித்தான். திருத்திய பிறகு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். யூனிகோடில் அடித்து வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பி.டி.எஃப். அனுப்பினால் திருத்த முடியாமல் ஆசிரியருக்கு எரிச்சல்தான் வரும்.

கே: என் கவிதைத் தொகுப்பைப் போட ஒரு பதிப்பகம் 30,000 ரூபாய் கேட்கிறது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனியாக 3,000. கொடுக்கலாமா?
- கல்லூரி மாணவி, தூத்துக்குடி

ப: கைக்காசு போட்டுப் புத்தகம் கொண்டுவருவது குற்றமில்லை. ஆனால் அது அச்சுக்கூலி, உங்கள் கவிதையைத் தேர்ந்தெடுத்ததாக அர்த்தம் இல்லை. அந்த 3,000 எதற்கு என்று கேளுங்கள். நம் நாட்டில் ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜாராம் மோகன்ராய் பெயரில் உள்ள மத்திய அரசு முகமை இலவசமாகத்தான் தருகிறது. எழுதியவரே விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தத்தில் 'சகல உரிமைகளும் பதிப்பகத்துக்கே, நிரந்தரமாக' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். பதிப்புரிமை உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் நிற்கிற சொத்து. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த உரிமையை எத்தனை காலத்துக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கணக்கு. 'நிரந்தரமாக' என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, எத்தனை ஆண்டு, எத்தனை பிரதி, ராயல்டி எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் கவிதைகளை ஒவ்வொன்றாகச் சிற்றிதழ்களுக்கு அனுப்புங்கள். தொகுப்பு இரண்டு வருடம் கழித்து வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

கே: ஐந்து புனைபெயர் யோசித்து வைத்திருக்கிறேன். எது பொருத்தம்?
- இல்லத்தரசி, ஆம்பூர்

ப: இரண்டாவது. ஆனால் கதை எங்கே அம்மா? அது தயாரானதும், அடியில் சொந்தப் பெயரையும் வங்கிக் கணக்கில் உள்ளபடியே எழுதிவிடுங்கள். புனைபெயருக்குச் சன்மானம் போட்டால் பணம் திரும்பி வந்துவிடுகிறது.