விளக்கேற்றும் வீட்டில் பேய்ப் புத்தகமா?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன் வாங்கி வைத்திருந்த 'டான்டடான்' என்ற ஜப்பானிய மங்காவை, அதாவது படக்கதையைச் சும்மா புரட்டினேன். இப்போது மூன்று புத்தகம் முடித்துவிட்டேன். ஆவி, சாபம், வேற்றுக்கிரகவாசி என்று ஒரே அமர்க்களம். ஆனால் கீழே வைக்க முடியவில்லை. "விளக்கேற்றும் வீட்டில் பேய்ப் புத்தகமா?" என்று மாமியார் வருத்தப்படுகிறார். சாமி கும்பிடும் நான் இதை ரசிப்பது தப்பா?
– ஒரு வாசகி

பதில்: தப்பே இல்லை சகோதரி, தாராளமாக ரசியுங்கள். யுகினோபு தத்சு 2021-இல் தொடங்கிய இந்தத் தொடர் மாந்திரீகம் கற்றுத் தருவதில்லை. அதில் வரும் பேய்களில் பல, ஜப்பானியர் வாய்வழியாகவும் இணையத்திலும் சொல்லிவந்த கதைகளிலிருந்து வந்தவை. காருக்கு ஈடாக ஓடும் டர்போ பாட்டியும் அப்படித்தான்.

உங்களைப் பிடித்து வைத்தது பயம் மட்டும்தானா? அக்ரோபாட்டிக் சில்க்கி வரும் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். முதலில் நீள முடியோடு துரத்தும் கொடூர ஆவி. அப்புறம்தான் தெரிகிறது, மகளை வளர்க்க ராப்பகலாக உழைத்து, கடன்காரர்களிடம் அந்தக் குழந்தையைப் பறிகொடுத்த தாய் அவள் என்று. அந்தப் பக்கங்களில் வசனம் மிகக் குறைவு, படமே பேசுகிறது. தாயில்லாத பள்ளி மாணவி ஐரா, கரைந்து மறைந்துகொண்டிருக்கும் அந்த ஆவியைக் கட்டிக்கொண்டு 'அம்மா' என்னும் இடத்தில் மனம் கலங்காதவர் இருக்க முடியாது. பேயை விரட்டுவதோடு நிற்காமல், அதன் குறையைக் கேட்கிற கதை இது. பக்தியுள்ள மனசுக்கு இதில் என்ன குற்றம்?

மாமியாரிடம் மறைக்க வேண்டாம். கதாநாயகி மோமோவின் பாட்டி செய்கோவைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த மண்ணின் தெய்வத்திடமிருந்து சக்தி பெறுபவள் அவள். ஊர் எல்லையைத் தாண்டினால் அந்தச் சக்தி வேலை செய்யாது. நம் எல்லைச்சாமியைக் கும்பிட்டு வளர்ந்தவருக்கு இது உடனே புரியும். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், பூஜை அலமாரிப் பக்கம் வைக்காமல் மகன் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் மனசுக்காக அவ்வளவு செய்யலாம்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. முதல் அத்தியாயத்திலேயே வேற்றுக்கிரகவாசிகள் மோமோவைக் கடத்தி, உடையைக் களைந்து அத்துமீறப் பார்க்கும் காட்சி வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. கதைக்கு அவ்வளவு தேவையும் இல்லை. புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். "அந்த இடம் எனக்குச் சங்கடமாக இருந்தது, உனக்கு எப்படி இருந்தது?" என்று மகனிடம் கேளுங்கள். அம்மாவும் அதே கதையைப் படித்திருப்பதால் அவன் மழுப்பாமல் பேசுவான்.