வயதானவர்கள் எடுக்கும் 'தன்கதைக் குறும்படம்' என்றால் என்ன?

ஒருவர் தன் வாழ்வில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைச் சொந்தக் குரலில் சொல்லி, அதன்மேல் பழைய புகைப்படங்களை அடுக்கிச் செய்யும் 2, 3 நிமிடப் படம். 1990-களில் கலிபோர்னியாவில் உருவான முறை.

ஏன் ஒரே சம்பவம்? 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் முதுமையில் அதிகம் நினைவுக்கு வரும் என்கிறது உளவியல். திருவாரூர்ப் பக்கத்துத் தாத்தாவைப் பேசவிட்டால் முதன்முதலாக ஏர் பிடித்தது, மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணி வந்தது, ஆடிப்பெருக்குச் சித்திரான்னம் என்று பொழுது சாயும்வரை போகும். (கேட்க நன்றாகத்தான் இருக்கும். படமாகத்தான் தாங்காது.) ஆறு நிறைய ஓடினாலும் நம் வயலுக்கு வேண்டியதை மட்டும்தானே மடை திறந்து விடுகிறோம், அதுபோல.

குரலை முதலில் பதிந்துவிடுங்கள். கேமராவைக் கண்டதும் பாட்டிமார் பேச்சே மாறிவிடும்.

நடிக்கத் தெரிய வேண்டும், பெரிய கேமரா வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். கைபேசியும் பீரோவில் கிடக்கும் நாலு போட்டோவும் போதும்.