சிறுநீரகக் கல் ஆபரேஷன்: முதுகில் ஊசியா, முழு மயக்கமா? மயக்க மருத்துவர் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. இரண்டரை செ.மீ. கல், முதுகில் துளை போட்டு எடுக்கிறார்கள். நுரையீரல் கொஞ்சம் வீக். முதுகு ஊசி போதாதா?

பதில்: போதலாம். ஆனால் இடுப்புவரை மரத்துப்போனால் பத்தாது, நெஞ்சுக்குழி வரை ஏற வேண்டும், அப்படி ஏறும்போது பிரஷர் இறங்கும், அதைப் பிடித்து நிறுத்தத் தெரிய வேண்டும். தொண்டையில் குழாய் இல்லாமல் அவரே மூச்சுவிடுவது நுரையீரலுக்கு நல்லதுதான். அதேசமயம் ஒன்றரை மணி நேரம் இருமாமல் குப்புறப் படுத்திருப்பாரா? மாட்டாரென்றால் முழு மயக்கம்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் இன்றே சொல்லிவிடுங்கள். அந்த வகை மாத்திரையான குளோபிடோக்ரெல் ஓடும்போது முதுகில் ஊசி குத்த மாட்டோம். இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

கேள்வி: முதுகு ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி வருமாமே?

பதில்: வராது. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், அது சரியாகிவிடும்.

கேள்வி: நான் யூரோ சர்ஜன் (சிறுநீரக அறுவை மருத்துவர்). எல்லாக் கல்லையும் முதுகு ஊசியிலேயே எடுக்கிறோம். ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதிக் கல், ஒரே துளை என்றால் உங்கள் கட்சிதான் நானும். கல் முழுசாக வருவதில் முதுகு ஊசி, முழு மயக்கம் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, முதுகு ஊசியில் வாந்தியும் வலியும் குறைவு. மேல்பகுதிக் கல்லுக்கு விலா எலும்புக்கு மேலே குத்தும்போது என்ன செய்வீர்கள்? மூச்சோடு சேர்ந்து சிறுநீரகமும் ஏறி இறங்கும், நுரையீரல் உறை பக்கத்திலேயே இருக்கிறது. முழு மயக்கத்தில் 'நிறுத்துங்க' என்றால் வென்டிலேட்டரைச் சில நொடி நிறுத்துகிறேன், நீங்கள் குத்துகிறீர்கள்.

அதே சர்ஜன்: நோயாளியிடமே மூச்சைப் பிடிக்கச் சொல்லலாமே?

பதில்: சொல்லலாம், தூக்க மருந்து கொடுக்காமலிருந்தால். மான்கொம்புக் கல்லுக்கு (மான்கொம்பு மாதிரி கிளைவிட்டுச் சிறுநீரகத்துக்குள் பரவிய கல்) மூன்று துளை போட்டு, மூன்றாவது மணி நேரத்தில் மரப்பு இறங்கினால்? குப்புறக் கிடப்பவருக்குத் தொண்டையில் குழாய் போடுவது லேசான காரியமில்லை. திருப்பிப் போட டிராலி தியேட்டருக்குள்ளேயே நிற்கட்டும், வராண்டாவில் வேண்டாம்.

கேள்வி: முதுகு ஊசியால் பின்னால் நடக்க முடியாமல் போகுமா?

பதில்: பொதுவாகப் போகாது. மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். அபூர்வமாகக் கால் செயலிழப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் உள்ளே ரத்தம் கட்டுவது, அதனால்தான் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அந்த மாத்திரையைப் பற்றிக் கத்துகிறேன்.

கேள்வி: லேப்ராஸ்கோப்பில் சிறுநீரகத்தையே எடுப்பதற்கு?

பதில்: வயிற்றில் கேஸ் நிரப்புவார்கள், அதனால் முழு மயக்கம்தான்.

கேள்வி: முதுகு ஊசிதானே, காலையில் காபி குடிக்கலாமா?

பதில்: கூடாது. பால் ஊற்றினாலே ஆறு மணி நேரக் கணக்கு. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை. பாதியில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டியிருக்கலாம் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்.