அயர்லாந்தின் கடலோர கோல்ஃப் மைதானங்களுக்குச் சுற்றுலா போனால், சுமாராக ஆடுபவரும் குடிக்காதவரும் ரசிக்க முடியுமா?

நான் டப்ளினில் வேலை பார்க்கிறேன். ஹாண்டிகேப் 24, அதாவது மைதானத்தின் இலக்கைவிடச் சுமார் 24 அடி அதிகம் எடுப்பேன், அதுவும் நல்ல நாளில். போன ஜூனில் ஊரிலிருந்து வந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு கிளேர், கெர்ரி என்று இரண்டே கவுண்டிகளில் ஆறு நாள் ஆடிவிட்டு வந்தேன். அவர் கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட நன்றாக ஆடுவார். வாயில் ஒரு சொட்டு மது படாது. அந்த ஆறு நாளை அதிகம் ரசித்தது யார் என்று என் மனைவியைக் கேட்டால் அண்ணன் பெயரைத்தான் சொல்வாள். அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், தாராளமாக முடியும்.

வரும்போது மச்சான் கையில் ஒரு பட்டியல் இருந்தது. வடக்கே ராயல் போர்ட்ரஷ், தெற்கே வாட்டர்வில், நடுவில் இன்னும் ஆறு. எட்டு மைதானம், ஆறு நாள்! வரைபடத்தில் நாடு சின்னதாகத்தான் தெரியும். ஆனால் மேற்குக் கரையின் கிராமத்துச் சாலைகளில் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து பார்த்தால்தான் அதன் நீளம் புரியும். அந்தப் பட்டியலை அன்றே கிழிக்க வைத்தேன். நாளுக்கு ஓர் ஆட்டம், மைதானமும் பப்பும் நடக்கும் தூரத்தில் இருக்கிற ஊரில் தங்கல். இந்த இரண்டைத் தவிர வேறு திட்டமே வேண்டாம் என்பேன்.

இந்தக் கடலோர மைதானங்களை லிங்க்ஸ் என்பார்கள், அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே, பயிருக்கு உதவாத மணல் மேட்டுப் பூமி அது. மரம் கிடையாது. மணல் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடுவதால் தரை எப்போதும் இறுக்கமாக இருக்கும், புல் மெல்லிசு. நம் ஊர் மைதானங்களில் பந்தை உயரத் தூக்கி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் பொத்தென்று போடப் பழகியிருப்போம். இங்கே அப்படித் தூக்கினால் காற்று அதைப் பறித்துக்கொண்டு போய் வேறு எங்காவது போடும். தரையோடு உருட்டத்தான் வேண்டும். கிரீனுக்கு முப்பது யார்டு வெளியே நின்றுகொண்டு, பந்தை உருட்டும் மட்டையான பட்டரை எடுக்க முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டாம் நாள் அது போய்விடும்.

முதலில் கிளேரில் இருக்கும் லஹிஞ்ச் போனோம். 1892இல் தொடங்கிய கிளப். ஸ்காட்லாந்தின் பழைய கோல்ஃப் ஜாம்பவான் ஓல்டு டாம் மாரிஸ் அமைத்த மைதானத்தை 1927இல் அலிஸ்டர் மெக்கென்ஸி மாற்றி அமைத்தார். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனலை வடிவமைத்தவர்களில் ஒருவர் அவர். அப்படிப்பட்ட ஆளே கை வைக்காமல் விட்ட இரண்டு குழிகள் இங்கே உண்டு. நான்காவது குழியான கிளாண்டைக்கில், பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்பாதையான ஃபேர்வேக்குக் குறுக்கே பெரிய மணல்மேடு எழுந்து நிற்கும். இரண்டாவது அடியை அதைத் தாண்டிக் குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆள் இல்லையா என்று பார்த்துக் கொடி காட்ட மேட்டின் மேல் ஒருவர் இருப்பார்.

அடுத்தது டெல். 150 யார்டுதான், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. முதல் அடி அடிக்கும் இடமான டீயில் போய் நின்றால் எதிரே ஒரு மேடு மட்டும் தெரியும். கிரீனும் இல்லை, கொடியும் இல்லை. மேட்டின் சரிவில் வெள்ளையடித்த ஒரு கல்.

"குழி எங்கீங்க மாப்ள?" என்றார் மச்சான்.

மட்டைப் பையைத் தூக்கி வழி சொல்லும் கேடியாக எங்களுக்கு வந்தவர் எழுபதைத் தாண்டியவர். மச்சான் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதைப் பார்த்துவிட்டு, கொடியைத் தேடாமல் அந்தக் கல்லுக்கு மேலே அடிக்கச் சொன்னார். கொடியை இடம் மாற்றும்போதெல்லாம் கல்லையும் நகர்த்திவைப்பார்களாம். மச்சான் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையை எடுத்தார். பந்து கல்லுக்கு நேர் மேலே போய் மறைந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. மேட்டைச் சுற்றி நடந்த அந்த இரண்டு நிமிடம், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு நின்றதுபோல இருந்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு மேட்டுக்கு இடையே தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்த கிரீனில், கொடியிலிருந்து பன்னிரண்டு அடியில் பந்து கிடந்தது. அங்கிருந்து பட்டரால் மூன்று முறை தட்டிக் கெடுத்தார் என்பது வேறு கதை. என் பந்தா? கல்லுக்கு இடப்பக்கம் நீளப்புல்லுக்குள் போனது. இப்போதும் அங்கேதான் இருக்கும்.

லஹிஞ்ச் ஆடுகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. மைதானத்தில் மேயும் அந்த ஆடுகள்தான் ஊருக்கு வானிலை நிலையம். மணல்மேட்டுப் பக்கம் மேய்ந்தால் வெயில், கிளப் கட்டடத்தை ஒட்டி ஒதுங்கினால் மழை. கிளப்பில் இருந்த காற்றழுத்தமானி பழுதானபோது, 'ஆடுகளைப் பார்க்கவும்' என்று அதில் எழுதிவைத்தார்கள். கிளப்பின் சின்னத்திலேயே ஆடு இருக்கிறது. முதல் நாள் காலையில் நாங்கள் பார்த்தபோது அவை கட்டடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒன்பதாவது குழிக்குள் தொப்பலாக நனைந்தோம்.

பப் விஷயத்துக்கு வருகிறேன். குடிக்காதவர் அங்கே சங்கடப்பட ஒன்றுமே இல்லை. 2004 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை, அதனால் புகை மூட்டம் கிடையாது. அயர்லாந்தின் கறுப்பு பியரான கின்னஸ் ஆல்கஹால் இல்லாமலும் கிடைக்கும். ரவுண்டு முறைதான் கவனிக்க வேண்டியது. நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஒருமுறை எல்லோருக்குமாக வாங்க வேண்டும். நீங்கள் எலுமிச்சை சோடா குடித்தாலும் உங்கள் முறை வரும்போது எழுந்து போய் வாங்கிவிடுங்கள். குடிக்காததை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், முறை தவறினால் கண்டுகொள்வார்கள். சைவம் என்றால் அன்றைய சூப் காய்கறியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சோடா மாவு போட்ட பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும் கூட வரும். மழையில் நனைந்துவிட்டு வந்து அதைச் சாப்பிட்டால் அமிர்தம்.

நான் கின்னஸ் வாங்கியபோது ஒரு கூத்து. கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி ஊற்றிவிட்டு, பார்க்காரர் அதை ஓரமாக வைத்தார். ஃபில்டரில் டிகாஷன் இறங்கக் காத்திருப்பதுபோலத்தான் இது. பழுப்பு நுரை மெல்ல மெல்லக் கலைந்து, அடியிலிருந்து கறுப்பு ஏறி வரும். ஊற்றி முடிக்க 119.5 விநாடி என்று கம்பெனியே கணக்குச் சொல்கிறது. இது தெரியாத மச்சான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று கையை நீட்டிக் கிளாஸை எடுத்துவிட்டார். பார்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மச்சானின் விரலை ஒவ்வொன்றாக விலக்கி, கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்த கிழவர்கள் அரை மணி நேரம் சிரித்தார்கள். அப்புறம் எங்களை விடவே இல்லை.

ஒரு நாள் மாலை கிளேரில் இருக்கும் டூலின் கிராமத்துக்குப் போனோம், இசை கேட்க. 1832 முதல் இருக்கும் கஸ் ஓகானர்ஸ் பப்பில் ஒரு மூலை மேஜையைச் சுற்றி ஃபிடில், புல்லாங்குழல், கான்சர்டினா, கையில் பிடித்துச் சின்னக் குச்சியால் தட்டும் பௌரான் என்ற தோல்வாத்தியம். மேடை இல்லை, மைக் இல்லை. அவர்கள் தங்களுக்காக வாசிக்கிறார்கள், நாம் பக்கத்தில் இருக்க அனுமதி, அவ்வளவுதான். காலியாகத் தெரிகிறதே என்று அந்த மேஜையில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். யாராவது வாத்தியம் இல்லாமல் பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். காரில் போனால் ஓட்டுபவர் குடிக்கவே கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு, போலீஸ் சோதனை உண்டு. அன்று சாவி மச்சானிடம் இருந்தது. குடிக்காத துணையின் அருமை அப்போதுதான் தெரியும்.

கிளேரிலிருந்து கெர்ரிக்குச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். கில்லிமரில் காரோடு படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் ஷானன் ஆற்றைக் கடந்து டார்பெர்ட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து பாலிபனியன் மைதானம் பக்கம்தான். ஐந்து முறை பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற அமெரிக்கர் டாம் வாட்சன் தலையில் வைத்துக் கொண்டாடிய இடம். 1998இல் வந்த பில் கிளிண்டனுக்கு ஊருக்குள் கோல்ஃப் மட்டையோடு சிலையே வைத்திருக்கிறார்கள்.

செலவு? பெரிய மைதானங்களில் கோடைக்கால கிரீன் ஃபீ, அதாவது ஓர் ஆட்டத்துக்கான கட்டணம், 300 யூரோவைத் தாண்டிவிட்டது. அதனால் இரண்டு பெரிய மைதானம் போதும். மிச்ச நாளுக்கு லஹிஞ்சின் காஸில் கோர்ஸ், ஸ்பானிஷ் பாயின்ட்டின் ஒன்பது குழி மைதானம் போன்றவை. அதே கடல், அதே காற்று. ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம் இருக்கும், மாலை ஆறுக்குத் தொடங்கினாலும் ஒன்பது குழி முடியும். ஹாண்டிகேப் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில கிளப்புகள் கேட்கும். பெரும்பாலும் நடந்துதான் ஆட வேண்டும், புது ஷூவோடு வராதீர்கள். போர்ட்ரஷ் ஆசை இருந்தால், அது வட அயர்லாந்து, பிரிட்டன் எல்லைக்குள் வருகிறது. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் அயர்லாந்து விசாவில் 'பிஐவிஎஸ்' (BIVS) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், முதலில் அயர்லாந்தில் இறங்கிவிட்டு அங்கேயும் போகலாம்.

பாலிபனியனில் முதல் டீக்கு வலப்பக்கம் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நீங்களும் மச்சானைப் போல வலப்பக்கம் ஸ்லைஸ் அடிப்பவர் என்றால் பையிலிருந்து இன்னொரு பந்தை முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உள்ளே போய்த் தேட மறுத்துவிட்டார்.